பூட்டிய கணக்கும் திறந்த கணக்கும்



அறிவு யார்க்கு உரியது? கண்டவனுக்கு உரியதா? கைப்பற்றியவனுக்கு உரியதா? எல்லார்க்கும் உரியதா? இவ் வினாவுக்கு விடை காண அறநூல்களைப் புரட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. கணக்கு நூலே விடை சொல்லும். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகட்கு முன் இத்தாலி நாட்டில் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் நெறி காணப்பட்ட வரலாறு, இவ் வினாவுக்கு நேர்நின்று விடை பகர்கின்றது. அவ் வரலாற்றில் அறிவும் உண்டு, அழுக்காறும் உண்டு, சூளுரையும் உண்டு, சூள் பிழைத்தலும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்மொழியைப் போற்றுவோர் உள்ளங்கொள்ளத்தக்க பாடம் ஒன்றும் அதனுள் பொதிந்து கிடக்கின்றது.

சமன்பாடு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே பலர்க்கு அச்சம் எழுகின்றது. அஞ்சுதற்கு ஒன்றும் இல்லை. சமன்பாடு என்பது ஒரு துலாக்கோல். ஒரு தட்டில் அறியா எண் வேறு எண்களோடு கலந்து கிடக்கின்றது. மறு தட்டில் அறிந்த எண் கிடக்கின்றது. இரு தட்டும் ஒத்து நிற்கின்றன. அவ் ஒப்புநிலை கெடாமல், கலந்து கிடக்கும் அறியா எண்ணைத் தனியே பிரித்தெடுப்பதே தீர்வு காணல். அறியா எண் தனித்து நின்றால் அஃது ஒருபடிச் சமன்பாடு. இருமுறை வைத்துத் தன்னைத்தானே பெருக்கி நின்றால் இருபடிச் சமன்பாடு. மும்முறை வைத்துப் பெருக்கி நின்றால் முப்படிச் சமன்பாடு. நாற்படி, ஐம்படி என இவ் வரிசை மேன்மேற் செல்லும். இவை அனைத்தும் பல்லுறுப்புக் கோவைகளால் ஆகிய சமன்பாடுகள் என்க.

இருபடிச் சமன்பாட்டின் தீர்வு மிகப் பழமையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாது நகரில் வாழ்ந்த அல்-குவாரிசுமி என்னும் அறிஞர், தம் நூலில் ஒரு கணக்கைக் கூறுகின்றார். ஓர் எண்ணின் இருபடியோடு அவ் வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகின்றது. அவ் வெண் யாது? அவர் காட்டிய வழி சிறுபிள்ளைக்கும் விளங்கும். அறியா எண்ணைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரைக. பத்தை இரண்டாகப் பகுத்து, 5 அகலமுள்ள பட்டை ஒவ்வொன்றை அச் சதுரத்தின் இரண்டு பக்கங்களில் ஒட்டுக. இதுவரை உள்ள பரப்பு 39. ஆயின் ஒரு மூலை வெறுமையாய் நிற்கின்றது. அம் மூலையின் பரப்பு ஐயைந்து 25. அதனை நிரப்பினால் முழுச் சதுரம் 64 ஆகும். அதன் பக்கம் 8. எட்டில் 5 போக எஞ்சுவது 3. அறியா எண் அதுவே. மூன்றின் இருபடி 9, பத்து மடங்கு 30, கூட்டினால் 39. நெறி நிலைபெற்றது. 'அல்-சபர்' என்று அவர் நூலின் பெயரில் நின்ற அரபுச் சொல்லே, பின்னர் ஐரோப்பிய மொழிகளில் இயற்கணிதத்துக்குப் பெயராயிற்று.

இருபடி எளிதில் வசப்பட்டது. முப்படியோ எளிதில் வசப்படவில்லை. கவிமணியின் பாடல்வழித் தமிழர் நன்கறிந்த உமர் கயாம், பாவலர் மட்டுமல்லர், பெருங்கணக்கர். 1131-இல் மறைந்த அவர், கூம்பை வெட்டினால் தோன்றும் வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகளைக் கொண்டு முப்படிச் சமன்பாடுகளுக்கு வரைவழித் தீர்வு கண்டார். எண்வழி நெறி அவர்க்கும் கைகூடவில்லை. பின்வருவோர் காண்பர் என்னும் நம்பிக்கையை அவர் எழுதிவைத்தார். 1494-இல் வெனிசு நகரில் உலூக்கா பச்சியோலி என்னும் துறவி வெளியிட்ட பெரிய கணக்கு நூலும், முப்படிக்குப் பொதுநெறி அதுவரை இல்லை என்றே கூறிற்று.

அப் பொதுநெறியின் முதற் கதவைத் திறந்தவர் போலோனாப் பல்கலைக்கழகத்தில் கணக்கு கற்பித்த சிப்பியோனே தெல் பெர்ரோ என்பவர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓர் எண்ணின் முப்படியோடு அவ் வெண்ணின் சில மடங்கைக் கூட்டி ஓர் எண்ணுக்குச் சமமாக்கும் வகைக்கு அவர் தீர்வு கண்டார். மூவாயிரம் ஆண்டுக் கணக்கறிவு எட்டாத கனி அது. அக் கனியைப் பெற்றவர் என்ன செய்தார்? மூடி வைத்தார்! நூலாக எழுதி வெளியிட்டாரல்லர். மாணவர் அவையில் உரைத்தாரல்லர்.

அதற்குக் கரணியம் உண்டு. அக் காலத்து இத்தாலியில் கணக்கறிஞர்கள் ஒருவரையொருவர் அறைகூவி அழைத்துப் பலர் முன்னிலையில் போட்டியிடுவர். வென்றவர்க்குப் பணமும் புகழும் பதவியும் கிட்டும். தோற்றவர் இருந்த பதவியையும் இழக்கக்கூடும். ஆதலின் புதுநெறி ஒன்று கைவசம் இருப்பது, உறையுள் வாள் இருப்பது போன்றது. வாளை ஊரார்க்குப் பகிர்ந்தளிப்பார் எவருமிலர். 1526-இல் உயிர் பிரியுமுன் தெல் பெர்ரோ இருவர்க்கு மட்டுமே அம் மறையை உரைத்தார். ஒருவர் அவர்தம் மருமகன் அன்னிபாலே தெல்லா நாவே. மற்றவர் மாணவர் அந்தோனியோ மரியா பியோர். அவர் கைப்பட வெளியிட்ட நூல் ஒன்றும் இன்று உலகில் இல்லை. மாபெருங் கண்டுபிடிப்பைச் செய்த ஒருவர், இரண்டு காதுகளை நம்பிச் சென்ற அவலம் அது.

இனி, அவ் வரலாற்றின் தலைமகனைக் காண்க. பிரெசியா நகரத்து ஏழைக் குடியில் பிறந்தவர் நிக்கோலோ. இளமையிலேயே தந்தையை இழந்தார். 1512-இல் பிரெஞ்சுப் படை அந் நகரைச் சூறையாடியபோது, கோயிலில் அடைக்கலம் புகுந்த சிறுவன் முகத்தில் படைவீரன் ஒருவனின் வாள் பாய்ந்தது. தாடையும் அண்ணமும் பிளந்தன. மருத்துவர்க்குக் கொடுக்கப் பணமில்லாத் தாய் தன் கையாலேயே புண்ணாற்றி மகனைக் காத்தாள். உயிர் மீண்டது, நா மட்டும் தடுமாறிற்று. 'திக்குவாயன்' என்னும் பொருள்பட ஊரார் இட்ட 'தார்த்தாலியா' என்னும் பட்டப்பெயரையே அவர் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியர்க்குக் கூலி கொடுக்க இயலாமையால் நெடுங்கணக்கின் பாதியிலேயே படிப்பு நின்றதென்றும், எஞ்சியதைத் தாமே கற்றதாகவும் அவரே எழுதியுள்ளார். ஏழ்மை அவர் கல்வியைப் பூட்டப் பார்த்தது. அவர் அப் பூட்டை உடைத்தார்.

1535-இல் பியோர் அவரை அறைகூவினார். ஆளுக்கு 30 கணக்குகள். பியோர் விடுத்த முப்பதும் ஒரே வகை. தம் ஆசிரியர் காதில் ஓதிய முப்படி வகை. அவரிடம் இருந்த வாள் அது ஒன்றே. போட்டிக்குச் சில நாள்களே இருக்க, பிப்பிரவரித் திங்கள் 12-ஆம் நாள் இரவு கழிந்து 13-ஆம் நாள் புலர்வதற்குள் தார்த்தாலியா அந் நெறியைத் தாமே கண்டுபிடித்துவிட்டார். முப்பது கணக்குகளையும் இரண்டு மணி நேரத்திற்குள் முடித்தார். பந்தயம் 30 விருந்துகள். வென்ற பெருமையே போதும் என்று விருந்தை அவர் மறுத்துவிட்டார்.

அந் நெறிதான் யாது? கேட்போர் அஞ்ச வேண்டா. கூர்ந்து கேட்டால் விளங்கும். ஓர் எண்ணின் முப்படியோடு அவ் வெண்ணின் ஆறு மடங்கைக் கூட்டினால் 20. அவ் வெண் யாது? விடை 2 என்பது பார்த்த அளவிலேயே தோன்றும். எட்டும் பன்னிரண்டும் இருபது. ஆயின் தோற்றம் நெறியாகாது. நெறி காண வேண்டின், அறியா எண்ணை ஒற்றை எண்ணாகக் கருதாமல் இரண்டு எண்களின் வேறுபாடாகக் கருதுக. எவ்விரண்டு எண்களுக்கும் பொருந்தும் உண்மை ஒன்றுண்டு. வேறுபாட்டின் முப்படியோடு, அவ்விரு எண்களின் பெருக்கத்தை மும்மடங்காக்கி வேறுபாட்டாற் பெருக்கிக் கூட்டினால், அவ்விரண்டின் முப்படிகளுக்கிடையே உள்ள வேறுபாடு வரும். 3, 1 என்னும் எண்களைக் கொண்டு பார்க்க. வேறுபாடு 2, அதன் முப்படி 8. பெருக்கம் 3, மும்மடங்கு 9, வேறுபாட்டாற் பெருக்க 18. எட்டும் பதினெட்டும் 26. இருபத்தேழில் ஒன்று போனாலும் 26.

இவ் வுண்மையைக் கணக்கின்மேல் வைத்துப் பொருத்துக. பெருக்கத்தின் மும்மடங்கு 6 ஆதல் வேண்டும். ஆகவே பெருக்கம் 2. முப்படிகளின் பெருக்கம் 8. முப்படிகளின் வேறுபாடு 20. வேறுபாடு 20, பெருக்கம் 8 உடைய இரண்டு எண்களைத் தேடுதல் இருபடிக் கணக்கே. அது பழந்திறவுகோலுக்குத் திறக்கும். 108-இன் இருபடி வேரோடு (வர்க்கமூலம்) 10 கூட்டியது ஓர் எண். பத்தைக் கழித்தது மற்றோர் எண். அவற்றின் முப்படி வேர்கள் (கனமூலம்) ஏறத்தாழ 2.732, 0.732. வேறுபாடு 2. வந்த விடை அதுவே. முப்படியை இருபடிக்கு இறக்கிவிடுதலே இந் நெறியின் உயிர். எவரும் ஏற முடியாத மதிலுக்கு, வீட்டில் இருந்த பழைய ஏணியே போதுமாயிற்று.

இச் செய்தி மிலான் நகரத்து மருத்துவரும் பல்துறைப் புலவருமாகிய சிரோலாமோ கார்தானோவின் செவிக்கு எட்டிற்று. அவர் கேட்டார், தார்த்தாலியா மறுத்தார். மீண்டும் கேட்டார், மீண்டும் மறுத்தார். 1539-இல் கார்தானோ அவரைத் தம் இல்லத்துக்கு வருவித்து வேண்டினார். தார்த்தாலியா பின்னர் எழுதியபடி, அந் நெறியை என்றும் வெளியிடுவதில்லை என்றும், தாம் இறந்த பின்னும் எவர்க்கும் விளங்காவண்ணம் மறைகுறியிலேயே எழுதிவைப்பதாகவும் கார்தானோ சூளுரைத்தார். அதன்மேல் தார்த்தாலியா அந் நெறியை 25 அடிப் பாட்டாக யாத்துக் கொடுத்தார்.

அப் பாட்டு எம் மொழியில் இருந்தது? இலத்தீனத்தில் அன்று; மக்கள் பேசிய இத்தாலிய மொழியில்! ஈண்டுச் சற்று நின்று எண்ணுக. அறிவுநூல் என்றால் இலத்தீனத்திலேயே எழுத வேண்டும் என்னும் வழக்கம் கோலோச்சிய காலம் அது. தார்த்தாலியா அவ் வழக்கத்துக்கு வணங்காதவர். யூக்ளிதின் வடிவியலை 1543-இல் இத்தாலிய மொழியில் பெயர்த்து அச்சேற்றினார். இக்கால ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சான யூக்ளிதின் முதல் மொழிபெயர்ப்பு அதுவே. கைவினைஞரும் பீரங்கிப் படையினரும் கற்கும்படி தம் நூல்களைத் தாய்மொழியிலேயே யாத்தார். அத்தகையவர்தாம் தம் அரும்பெருங் கண்டுபிடிப்பை மட்டும் அதே தாய்மொழிப் பாட்டினுள் வைத்துப் பூட்டினார். வாயிலாக அமைய வேண்டிய மொழி, தாழாக அமைந்துவிட்டது.

கார்தானோவும் அவர் மாணவரும் வாளாவிருக்கவில்லை. பதினான்கு அகவையில் ஏவலனாக அவ் வீட்டுக்கு வந்து, பின் மாணவராகி உயர்ந்தவர் உலூதோவிக்கோ பெராரி. அவர் நாற்படிச் சமன்பாட்டை முப்படிக்கு இறக்கும் வழியைக் கண்டார். ஆயினும் அதனை வெளியிட இயலவில்லை. நாற்படி முப்படியின்மேல் நின்றது. முப்படி சூளுரையின்கீழ்க் கிடந்தது. ஒருவர் இட்ட பூட்டு, மற்றொருவர் கண்டுபிடிப்பையும் பூட்டிவிட்டது.

1543-இல் இருவரும் போலோனா சென்று, தெல்லா நாவேயிடம் இருந்த தெல் பெர்ரோவின் எழுத்தைக் கண்டனர். நெறியை முதலில் கண்டவர் தார்த்தாலியா அல்லர் என்பது புலனாயிற்று. எனவே சூள் தம்மைக் கட்டாது என்று முடிவுசெய்த கார்தானோ, 1545-இல் 'பெருங்கலை' என்னும் பொருள்படும் தம் இலத்தீன நூலை நூரம்பர்க்கு நகரில் அச்சேற்றினார். தெல் பெர்ரோ, தார்த்தாலியா, பெராரி ஆகிய மூவர் பெயரையும் அவர் மறையாது குறித்தார் என்பதை நடுநிலையோடு சொல்லுதல் வேண்டும். அவ் வகையில் அவர் திருடர் அல்லர். கொடுத்த சொல்லைப் பிழைத்தார் என்பதும் மறுக்கவியலாதது. தார்த்தாலியா சினந்தார், மறு ஆண்டே தம் நூலில் சூளுரை வரலாற்றை வெளியிட்டார். வசைமடல்கள் பறந்தன. 1548 ஆகத்துத் திங்கள் 10-ஆம் நாள் மிலான் நகரக் கோயில் ஒன்றில் பெராரியும் தார்த்தாலியாவும் பலர் முன்னிலையில் மோதினர். போட்டி முடியுமுன்னரே தார்த்தாலியா ஊர் திரும்பினார். வெற்றி பெராரிக்கே போயிற்று. 1557-இல் தார்த்தாலியா மனக்கசப்போடே மறைந்தார்.

குற்றம் யார்மேற் சாரும் என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. ஆனால் வழக்கைவிடப் பயன் பெரிது. முப்பது ஆண்டுகள் மறைவில் கிடந்தபோது அந் நெறி ஓரடியும் முன்செல்லவில்லை. நால்வர் ஐவர் நெஞ்சில் வாளாகவே கிடந்தது. அச்சேறி 27 ஆண்டுகளுக்குள் அஃது எவரும் கனவிலும் காணாத வாயிலைத் திறந்துவிட்டது. திறந்தவர் இராபெல் பொம்பெல்லி என்னும் பொறியாளர். சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலம் ஆக்கும் தொழிலர் அவர்.

கார்தானோவின் நூலில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஓர் எண்ணின் முப்படி, அவ் வெண்ணின் 15 மடங்கோடு 4 கூட்டியதற்குச் சமம்; அவ் வெண் யாது? விடை 4 என்பது தெளிவு. நான்கின் முப்படி 64. அறுபதும் நான்கும் 64. ஆயின் வாய்பாட்டின்வழிச் சென்றால், குறை எண் 121-க்கு இருபடி வேர் காணும்படி நேர்கின்றது. கூட்டெண்ணைத் தன்னாற் பெருக்கினாலும் கூட்டெண்ணே வரும். குறை எண்ணைத் தன்னாற் பெருக்கினாலும் கூட்டெண்ணே வரும். ஆகவே குறை எண்ணுக்கு இருபடி வேர் இல்லை. விடை கண்முன் நிற்கின்றது. வழியோ இல்லாத எண்ணின் ஊடே செல்கின்றது! இத்தகைய எண்களைக் கார்தானோ வேறொரு கணக்கில் தொட்டுப் பார்த்து, நுண்மையானவை ஆயினும் பயனற்றவை என்று கைவிட்டார்.

பொம்பெல்லி கைவிடவில்லை. இல்லாத எண்ணை இருப்பதாகவே கொண்டு, அதனைக் கூட்டவும் பெருக்கவும் நெறி வகுத்தார். குறை ஒன்றின் இருபடி வேரை 2-உடன் கூட்டி, அத் தொகையை முப்படியாக்கினார். வாய்பாட்டில் நின்ற முதற் கோவை அப்படியே வந்தது. அவ் வேரை 2-இலிருந்து கழித்து முப்படியாக்கினார்; இரண்டாவது கோவை வந்தது. ஆகவே முப்படி வேர்கள் இரண்டையும் கூட்டியபோது, ஒன்றில் மிகுந்த புனைவெண் (கற்பனை எண்) மற்றதில் குறைந்து மறைந்தது. இரண்டும் இரண்டும் நான்கு எஞ்சிற்று. இன்று மின்னியலும் அணுவியலும் அப் புனைவெண்களின்றி நடவா.

பொம்பெல்லி தம் நூலை எம் மொழியில் எழுதினார்? இத்தாலிய மொழியில். 1572-இல் வெளிவந்த அந் நூல், பிற நூலின் துணையின்றித் தொடக்க நிலையினரும் கற்றற்கென எழுதப்பட்டது. புத்தம்புதிய அப் புனைவெண்ணுக்கு அவர் பெயரிட்ட முறையையும் காண்க. இலத்தீனத்திலோ கிரேக்கத்திலோ கடன் கேட்டாரல்லர். 'குறையின் கூட்டு', 'குறையின் குறை' என்னும் பொருள்பட, கடைத்தெருவில் வழங்கும் எளிய இத்தாலியச் சொற்களையே சேர்த்துப் பெயரிட்டார். அறியா எண்ணுக்கு 'இத்துணை' என்னும் பொருளுடைய சொல்லை வைத்தார். உலகம் அதுவரை எண்ணியிராத எண்ணத்தையும் தாய்மொழியின் எளிய சொல் தாங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஐம்படிக்கு வாய்பாடு தேடி அறிஞர்கள் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் உழன்றனர். 1824-இல் ஏபல் என்னும் நார்வே நாட்டு இளைஞர், கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் வேர்காணல் ஆகியவற்றால் மட்டும் அமையும் பொதுவாய்பாடு ஐம்படிக்கு இல்லை என்று மெய்ப்பித்து, தம் செலவிலேயே சிறு வெளியீடாக அச்சிட்டார். எச் சமன்பாடு தீரும், எது தீராது என்று பகுத்துக் காட்டும் நெறியைக் கண்டவர் பிரான்சு நாட்டுக் கால்வா. இருபது அகவையே நிரம்பிய அவர், 1832 மே 29-ஆம் நாள் இரவு, மறுநாள் இருவர் போருக்குச் செல்லுமுன், தம் கண்டுபிடிப்புகளை நண்பர்க்கு மடலாக எழுதினார். பேரறிஞர்தம் கருத்தை வெளிப்படையாகக் கேட்குமாறும் வேண்டினார். மே 31-இல் உயிர் நீத்தார். 1846-இல் அவர் எழுத்துகள் அச்சேறின.

இரண்டு சாவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தெல் பெர்ரோ இறக்கும்போது இரண்டு காதில் ஓதினார். கால்வா இறக்குமுன் உலகுக்கே எழுதினார். முன்னவர்க்கு அறிவு உடைமை. பின்னவர்க்கு அறிவு கடமை.

தாய்மொழிப் பற்றாளர்க்கு இதில் உள்ள பாடம் இரட்டைப் பாடம். அயன்மொழியில் மட்டுமே அறிவு கிடந்தால் ஏழைச் சிறுவனுக்கு அஃது எட்டாது. தார்த்தாலியாவின் மொழித்தொண்டு அதனால்தான் பெருந்தொண்டு. ஆயின் தாய்மொழியில் எழுதினால் மட்டும் போதாது. திறந்து எழுதுதல் வேண்டும். விளங்க எழுதுதல் வேண்டும். தாய்மொழியிலேயே எழுதி, அதனை நால்வர்க்கு மட்டும் விளங்கும் மறையாக்கினால், அயன்மொழிப் பூட்டை அகற்றிவிட்டுத் தாய்மொழிப் பூட்டை மாட்டியதாகவே முடியும். சூளை மீறிய கார்தானோவின் இலத்தீனம் உலகுக்குப் பயன்பட்டது. சூளுள் கிடந்த தார்த்தாலியாவின் இத்தாலியப் பாட்டு பயன்படவில்லை. இக் கசப்பான உண்மையை விழுங்கித்தான் ஆகவேண்டும். மொழியும் திறப்பும் ஒருசேர அமைந்தபோதுதான் பொம்பெல்லி தோன்றினார்.

தமிழில் 'சமன்பாடு' என்றதும், இரண்டு பக்கமும் ஒத்து நிற்கும் நிலை மாணவன் கண்முன் தோன்றுகின்றது. 'முப்படி' என்றதும் மூன்று படிகள் தெரிகின்றன. சொல்லே பாதிப் பாடத்தைக் கற்பித்துவிடுகின்றது. மீதிப் பாதி ஆசிரியர் கையில் உள்ளது. வாய்பாட்டை மட்டும் கொடுத்து, அது வந்த வழியை மறைக்கும் ஆசிரியர், அறிந்தோ அறியாமலோ தெல் பெர்ரோவின் வழியில் நிற்கின்றார். மூலையில் வெறுமையாய் நின்ற அந்த ஐயைந்து 25-ஐக் கரும்பலகையில் வரைந்து காட்டும் ஆசிரியரோ, பொம்பெல்லியின் வழியில் நிற்கின்றார்.

நல்ல தமிழ்ச் சொல்லை ஆக்குவோர் அதனை வாளாக உறையில் இடற்க. ஏணியாக மதிலில் சார்த்துக. ஏறுவோர் ஏறட்டும். திக்குவாயோடும் பாதிப் படிப்போடும் நிற்கும் சிறுவன் ஒருவன், அம் மதிலின் கீழே இன்றும் காத்திருக்கின்றான்.